பங்குக் கணக்கில் கரையும் இலாபம்

சோழமண்டலக் கடற்கரையில் ஃபைபர் படகில் சென்று செவுள்வலை விட்டு மீன்பிடிக்கும் தொழில் கட்டுபடியாகிறதா என்று ஆராய்வோர் பெரும்பாலும் பிடிபட்ட மீனின் எடையிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றனர். ஆனால் இத்தொழிலின் இலாபம் மீனின் அளவைக் காட்டிலும், விற்றுவந்த பணம் எந்த வரிசையில் யார் கைக்குப் பிரிந்து செல்கிறது என்பதையே பொறுத்திருக்கிறது.

செவுள்வலை என்பது மேலே மிதவையும் கீழே ஈயக்குண்டும் கட்டி, நீருக்குள் சுவர்போல நிறுத்தப்படும் வலையாகும். கண்ணிக்குள் தலையை நுழைத்த மீன் பின்வாங்க முயலும்போது அதன் செவுள் நூலில் மாட்டிக்கொள்கிறது. கண்ணியின் அளவு மீனுக்கு மீன் வேறுபடுவதால் சாளைக்கான வலை வஞ்சிரத்துக்கு உதவாது என்பதும், பருவத்துக்கேற்பப் பல வகை வலைகளை வைத்திருந்தாக வேண்டும் என்பதும் இத்தொழிலின் முதலீட்டைப் பெருக்கும் முதற்காரணங்கள். அவ்வலைகளும் நிலைத்திருப்பவை அல்ல: பேத்தை மீன் கடித்துக் கிழிக்கிறது, சொறி எனப்படும் ஜெல்லிமீன் அடைத்துக் கனக்கச் செய்கிறது, இரவில் குறுக்கே வரும் இழுவைப்படகு மொத்தமாக அறுத்துச் செல்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டிலேயே கரையோரக் கடலைச் சிறுதொழில் மீனவருக்கென ஒதுக்கிவிட்டபோதிலும், அறுந்த வலையின் விலை இன்றும் சிறுபடகுக்காரரின் கணக்கிலேயே ஏறுகிறது என்பது பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று.

இங்குக் கூலி என்று தனியே ஒன்று கிடையாது, இருப்பது பங்கு. விற்பனைத் தொகையிலிருந்து ஏலத் தரகும் பொதுச்செலவும் கழிந்தபின் எஞ்சுவதில் ஒரு பகுதி படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும், மறுபகுதி கடலுக்குச் சென்றவர்களுக்கும் என்று பிரிக்கப்படுகிறது. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். விளக்கத்துக்காக, ஒரு நாள் விற்பனை 10,000 ரூபாய், தரகு நூற்றுக்கு 5, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 3,100 ரூபாய், பிரிவினை சரிபாதி, ஆட்கள் 4 பேர் என்று வைத்துக்கொண்டால், எஞ்சும் 6,400 ரூபாயில் படகுக்கு 3,200 ரூபாயும் ஆளுக்கு 800 ரூபாயும் கிடைக்கும். அடுத்த நாள் விற்பனை 5,000 ரூபாயாகப் பாதி குறைந்தால் பங்கும் பாதியாகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் டீசல் செலவு மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றே என்பதால், எஞ்சுவது 1,650 ரூபாயாகச் சுருங்கி, ஆளுக்கு 206 ரூபாய் மட்டுமே வரும். பாடு, அதாவது ஒரு முறை கடலுக்குப் போய்வரும் உழைப்பு, பாதி பலித்தால் வருமானம் கால்வாசியாகிறது. நிலவு வெளிச்சத்தில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும் நாள்களிலும், வாடைக்காற்று கடலைக் கலக்கும் மாதங்களிலும் இத்தகைய பாடுகளே அடுத்தடுத்து வருகின்றன.

ஆலையில் கூலி ஒரு செலவு. நட்டம் வந்தால் முதலாளி கதவைச் சாத்துகிறார். பங்கு முறையிலோ நட்டம் நான்கு குடும்பங்களின் வருமானக் குறைவாகக் கரைந்துவிடுவதால் படகு மறுநாளும் கடலில் இறங்குகிறது. உடைமையாளரும் படகில் சென்றால் படகின் பங்கோடு ஆள்பங்கும் அவருக்கே சேர்வதால், இலாபம் எது, அவருடைய சொந்த உழைப்பின் விலை எது என்று பிரித்தறிய இயலாமற்போகிறது. கணக்குப் புத்தகத்தில் இலாபமாகத் தோன்றுவதில் பெரும்பகுதி விலை மதிக்கப்படாத உழைப்பே. வலையில் சிக்கிய நண்டின் காலை ஒடியாமல் ஒவ்வொரு கண்ணியாக விடுவித்து எடுக்கும் வேலையைப் பாக் நீரிணைக் கரையில் வீட்டுப் பெண்களும் முதியவர்களும் மணிக்கணக்கில் செய்கின்றனர். கால் ஒடிந்தால் விலை குறையும் என்பதால் அவசரப்படவும் முடியாது. அந்த மணிநேரங்கள் எந்தச் செலவுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

எல்லாவற்றிலும் முதன்மையான முடிச்சு கரையில் நடக்கும் முதல் விற்பனையில் இருக்கிறது. படகோ வலையோ வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், பிடித்த மீனை அவர் வழியாகவே விற்கக் கடமைப்படுகிறார். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று சொல்லப்பட்டாலும், ஒவ்வொரு விற்பனையிலும் தரகு பிடிக்கப்படுகிறது. விலை சொல்லும் உரிமையும் கடன் கொடுத்தவரிடமே போய்விடுகிறது. முதலைத் திருப்பிக் கேட்காமலே ஆண்டுக்கணக்கில் கடன் நீடிப்பது இதனால்தான். அது தீர்வதைக் காட்டிலும் தொடர்வதே கொடுத்தவருக்கு ஆதாயம். மணலில் கொட்டப்பட்ட குவியல் எடை போடப்படாமல் கண்மதிப்பில் ஏலம் போகும் இடங்களில் இழப்பு இன்னும் கூடுகிறது. மீன் கெடும் பொருள் என்பதால் விலை படியவில்லை என்று வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வழியில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க முடியும் என்பதற்கு, 1980இல் தொடங்கப்பட்டு, கேரளத்தின் தென்பகுதியிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வேரூன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு சான்றாக நிற்கிறது. அங்கு ஊர்ச் சங்கமே ஏலத்தை நடத்துகிறது. விற்பனைத் தொகையில் குறிப்பிட்ட விழுக்காடு கடன் தவணைக்கும் சேமிப்புக்கும் பிடிக்கப்படுகிறது. தவணை தொகையாக அல்லாமல் விழுக்காடாக இருப்பதால், நன்றாகப் பட்ட நாளில் கடன் மிகுதியாகக் குறைந்து, வெறும்வலையோடு திரும்பிய நாளில் சுமை தானாகவே விலகுகிறது. மாதத்தின் குறித்த தேதியில் குறித்த தொகை கேட்கும் வங்கி முறை கடலின் போக்குக்கு ஒவ்வாதிருக்க, இம்முறை பங்கு முறையின் இயல்பையே கடனுக்கும் பொருத்தியது. இதன் சிறப்பு இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை. 2018–19ஆம் ஆண்டில் உழவர் கடன் அட்டை மீனவருக்கும் விரிவாக்கப்பட்டது நல்ல செய்தியே; ஆயினும் திருப்பிச் செலுத்தும் முறை மாறாதவரை, அட்டைக் கடனை அடைக்க வியாபாரியிடம் மீண்டும் முன்பணம் வாங்கும் நிலை வரக்கூடும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை இருக்கும்போது, சிறுபடகுகளின் மீனுக்கு வரத்துக் குறைவால் நல்ல விலை கிடைக்கிறது. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் தேய்ந்த வலைக்கும் பழுதான இயந்திரத்துக்கும் வேண்டிய பணத்தை எடுத்துவைக்க இயலும் காலம் அதுவே. அந்தக் கூடுதல் விலை படகுக்காரரின் கைக்கு வந்துசேருமா என்பது, அந்நாள்களில் ஏலம் கூறுவது ஊர்ச் சங்கமா, முன்பணம் கொடுத்தவரா என்பதைப் பொறுத்தது.