வயலில் டவர் இல்லையா? முதல் நாளே பக்கத்தை இறக்கி வையுங்கள்

மக்காச்சோளக் குருத்தில் படைப்புழு விழுந்துவிட்டது. இரவு திண்ணையில் உட்கார்ந்து, வேளாண்மைப் பல்கலைக்கழக இணையதளத்தில் மருந்து அளவைப் படித்தாயிற்று. காலையில் வயலில் செல்போனைத் திறந்தால் டவர் இல்லை. பக்கம் வெள்ளையாக நிற்கிறது. 'நாலு கிராம்' என்பது மட்டும் நினைவிருக்கிறது. அது பத்து லிட்டர் டேங்குக்கா, ஒரு லிட்டர் தண்ணீருக்கா? எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மருந்து லிட்டருக்கு 0.4 கிராம்தான், பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம். மாறிப் போனால் பத்து மடங்கு. காசும் போகும், தெளிப்பவர் உடம்புக்கும் கெடுதல்.

ஆகவே, படித்த பக்கத்தைச் செல்போனிலேயே வைத்துக்கொள்ளும் வழியை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம். இதற்குப் பல செயலிகள் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் குரோம் ஏற்கெனவே இருக்கும். பக்கம் திறந்திருக்கும்போது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் கீழ்நோக்கிய அம்புக்குறி தெரியும். அதைத் தொட்டால் பக்கம் இறங்கிவிடும். பிறகு அதே புள்ளிகளைத் தொட்டு, 'பதிவிறக்கங்கள்' பகுதியில் நெட் இல்லாமலே படிக்கலாம். பழகுவதற்கு இதுவே போதும். ஆனால் இப்படி இறக்கியதை வேறு போனில் திறப்பது சில சமயம் தொல்லை. பக்கத்து வயல்காரருக்கு அனுப்ப வேண்டுமானால், 'பகிர்' என்பதில் 'அச்சிடு' என்று கொடுத்து பி.டி.எஃப். ஆகச் சேமிப்பது நல்லது. அது அநேகமாக எந்தப் போனிலும் திறக்கும், வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பலாம். எழுத்துதான் பொடியாக இருக்கும். வெள்ளெழுத்து உள்ளவர்கள் விரலால் பெரிதாக்கிப் படிக்க வேண்டியதுதான்.

இன்ஸ்டாபேப்பர் போன்ற செயலிகள் விளம்பரங்களை நீக்கிவிட்டு, எழுத்தை மட்டும் வேண்டிய அளவுக்குப் பெரிதாகக் காட்டும். படிக்க வெகு சௌகரியம். ஆனால் இவற்றில் அட்டவணைகள் சில சமயம் கலைந்துபோகும், அல்லது விடுபட்டேபோகும். நமக்கு வேண்டிய மருந்து அளவோ அட்டவணையில்தான் இருக்கும்! சேமித்தவுடன் அதைச் சரிபார்த்துவிட வேண்டும். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கி வைக்கலாம். பிள்ளைகள் படிப்புக்கு நல்லது. மருந்து அளவுக்கு அதை நம்ப வேண்டாம்.

இலவசமா என்று கேட்பதைவிட, சேர்த்து வைத்ததை வெளியே எடுக்க முடியுமா என்று கேட்பதே முக்கியம். கையடக்கக் கருவிகளில் இணையப் பக்கங்களைப் படிக்க உதவிய அவான்ட்கோ 2009-ல் நின்றுவிட்டது. ஆம்னிவோர் 2024-ல் மூடப்பட்டது. ஏராளமானோர் உபயோகித்த பாக்கெட் செயலியை மொசில்லா நிறுவனம் 2025 ஜூலை 8-ல் நிறுத்தியது. சேர்த்தவற்றை எடுத்துக்கொள்ளச் சில மாதங்கள் அவகாசம் தந்தார்கள். ஆனால் கையில் கிடைத்தது பக்கங்களின் முகவரிப் பட்டியல்தான். விதைநெல்லை அடுத்த வீட்டுக் குதிரில் போட்டு வைத்தவன் கதைதான் இது. மருந்து அளவு, விதை நேர்த்தி, உர அளவு போன்ற பக்கங்கள் பி.டி.எஃப். ஆக உங்கள் போனிலேயே இருக்கட்டும். செயலி போனாலும் அவை போகா.

எந்தச் செயலியானாலும், வயலுக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, சேமித்த பக்கத்தைத் திறந்து கடைசி வரி வரை தள்ளிப் பாருங்கள். தலைப்பு மட்டும் வந்து மற்றது வராவிட்டால், அது இன்னும் போனில் இறங்கவில்லை என்று பொருள்.

சேமித்த பக்கம் தானாகத் திருந்தாது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை செய்தது. அதற்கு முன் எழுதிய பக்கம் போனில் கிடந்தால், அது இன்றும் அந்த மருந்தைத்தான் சொல்லும். ஆகவே பெயரிடும்போது பயிரின் பெயருடன் மாதம், ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டத்துக்கு முன்பும் பழையதை அழித்துப் புதிதாக இறக்கவும். அளவில் சந்தேகம் இருந்தால், போனில் உள்ள பக்கத்தை உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டிக் கேட்டபின் மருந்து கலக்கவும்.