கணினி வாசிக்கும் சுயவிபரக் கோவை

பிறந்த திகதி, சமயம், திருமண நிலை, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு என்று தொடங்கும் சுயவிபரக் கோவை ஊரில் நமக்குப் பழகிய ஒன்று. கனடாவிலும் பிரித்தானியாவிலும் கணினித்துறை வேலைக்கு விண்ணப்பிப்போரிடம் இவ்விபரங்களை எதிர்பார்ப்பதில்லை. எழுதினால் இடந்தான் வீண்.

முன்னர் கோவை அஞ்சலிலோ தொலைநகலிலோ சென்றது. ஓர் அதிகாரி அதைக் கையிலெடுத்து வாசித்தார். 1994இல் அமெரிக்காவில் தோன்றிய மொன்ஸ்டர், 2003இல் தொடங்கிய லிங்க்ட்இன் முதலிய தளங்கள் அம்முறையை மாற்றின. ஒரே வெற்றிடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் இருந்த இடத்திலிருந்தே விண்ணப்பிக்க முடிந்ததும், பெரிய நிறுவனங்களில் கோவையின் முதல் வாசகர் மென்பொருள் என்றாயிற்று. அது சொற்களைப் பிரித்தெடுத்துப் பதிந்து வைக்கிறது. ஆட்களைத் தெரிவு செய்பவர் 'ஜாவா' என்றோ 'பைதன்' என்றோ தேடும்போது, அச்சொல்லைக் கொண்ட கோவைகளே மேலெழுகின்றன. அலங்காரக் கட்டங்களும் படங்களும் அம்மென்பொருளைக் குழப்பக்கூடும். நமது திறமையை விளம்பரத்திலுள்ள சொல்லாலேயே குறிப்பிடுவது நன்று. (தெரியாததையும் சேர்த்தெழுதும் கெட்டித்தனம் நேர்முகத் தேர்வில் வெளுத்துவிடும்.)

இயந்திரம் பாரபட்சம் அறியாதது என்று நம்புவதற்கில்லை. அமேசன் நிறுவனம் பரீட்சித்துப் பார்த்த தெரிவு மென்பொருள் பெண்களின் கோவைகளுக்குக் குறைந்த மதிப்பளித்தமை 2018இல் செய்தியாக வெளிவந்தது. பழைய விண்ணப்பங்களைக் கொண்டே அது பயிற்றப்பட்டிருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை ஆண்களுடையவை.

அகதியாய் வந்தவருக்கு வேறோர் இடரும் உண்டு. வழக்கு முடியும்வரை காத்திருந்த ஆண்டுகள் கோவையில் இடைவெளியாய்த் தெரியும். ஊரிற் பெற்ற பட்டத்தின் பெறுமதியும் இங்குள்ளவர்க்கு எளிதில் விளங்காது. இவ்விடத்தில் இணையமே ஓரளவு கைகொடுக்கிறது. 2008இல் தொடங்கிய கிட்ஹப் தளத்தில், ஒருவர் தாமே பயின்று எழுதிய நிரல்களை எவரும் பார்க்கும்படி வைக்கலாம். அதன் முகவரியைக் கோவையின் தலைப்பில் இட்டால், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்குமுன்னரே செய்த வேலையைக் காட்டிவிடலாம். எல்லா நிறுவனங்களும் அதைத் திறந்து பார்ப்பதில்லை என்பதும் உண்மைதான்.

'கனேடிய அனுபவம் உண்டா?' என்ற கேள்வியால், படித்த எத்தனையோ பேர் ரொறன்ரோவில் வாடகைக் கார் ஓட்ட நேர்ந்தது. 2026 ஜனவரி 1ஆம் திகதி முதல் ஒன்ராறியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள், பொது வேலை விளம்பரங்களில் அவ்வனுபவத்தைக் கோர முடியாது. விண்ணப்பங்களை வடிகட்டச் செயற்கை நுண்ணறிவு பயன்படுமாயின், அதையும் விளம்பரத்திலேயே அறிவிக்க வேண்டும். கனேடிய அனுபவம் பற்றிய தடை விளம்பரத்துக்கும் அதனோடு வரும் விண்ணப்பப் படிவத்துக்கும் உரியது.