முகமும் வண்ணமும்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் விறாந்தையில் மூதாதை ஒருவரின் வண்ண ஓவியம் தொங்கினால், பார்ப்போர் முதலில் தேடுவது ஒப்புமையையே. மூக்கு அவருடையதுதானா, நெற்றி அவருடையதுதானா என்று வினவுவர். தீட்டிய கையை எவரும் தேடுவதில்லை.

கமரா இவ்வழக்கத்தை மாற்றவல்லது. தொலைவிலிருந்து அது முகத்தைக் காட்டும். சற்றே நெருங்கின் கன்னம் திரை முழுவதையும் நிறைக்கும். இன்னும் நெருங்கின் கன்னமும் மறைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இழுபட்ட தூரிகைத் தடங்களே எஞ்சும். உருவ ஓவியம் அருவ ஓவியமாகிவிட்டது. ஓவியரோ ஒரு கோட்டையும் மாற்றவில்லை! அலென் ரெனே என்னும் பிரெஞ்சு இயக்குநர் 1948இல் வான் கோவின் ஓவியங்களைக் கொண்டே ஒரு குறும்படம் ஆக்கினார். வண்ணத்துக்குப் பேர்போனவரைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது விந்தைதான். ஆயினும் தூரிகை ஓடிய திசை அதிலே துலங்கிற்று.

யாழ்ப்பாணத்து ஓவியர்களும் இதே வழியை, தலைமுறைகளாக, நடந்தே கடந்தனர். சித்திர வித்தியாதரிசியாயிருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவி, கண்டதைக் கண்டவாறு வரையும் பயிற்சியை வளர்த்தார். பின்வந்த அ. மாற்கு (1933–2000) உருவத்தை முறித்துத் தளங்களாகவும் கோடுகளாகவும் அடுக்கினார். முகம் அவரிடத்தில் முற்றாக மறைந்துவிடவில்லை. கரையத் தொடங்கியது எனலாம்.

டிஜிற்றல் கமராவால் இத்தகைய ஓவியங்களைப் பதிவதில் ஒரு நுட்பம் உண்டு. ஒளியை நேரே பாய்ச்சலாகாது. பக்கவாட்டில், தாழ்வாக வீழ்த்தினாற்றான் வண்ணத்தின் தடிப்பு நிழலிட்டுத் தோன்றும். எடுத்த படத்தைப் பின்னர் கணினியிற் பெருப்பிப்பதும் போதாது. 4கே எனப்படும் படத்தின் ஒரு சட்டகத்தில் ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஓரளவுக்குமேல் பெருப்பித்தால் தூரிகைத் தடம் தோன்றாது, சதுரப் புள்ளிகளே தோன்றும். ஆதலால் வில்லையே ஓவியத்தை நெருங்கவேண்டும்.

நெருங்குவதற்கு ஓவியம் இருத்தல் வேண்டுமல்லவா? 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு மாற்குவின் படைப்புக்கள் பல அழிந்தன. அவ்வாறு அழிந்த ஓவியமொன்றுக்கு ஏதேனும் நூலில் அச்சான சிறு படம் எஞ்சியிருத்தல் கூடும். கமரா அதனையும் நெருங்கலாம். ஆனால் அங்கே தெரிபவை அச்சகத்தாரின் மைப்புள்ளிகள். ஓவியரின் கை அன்று.