உங்களுக்குத் தெரியுமா? குசினிக்குள் எல்.இ.டி.

ரியூப் லைற் முதுகுக்குப் பின்னால் இருந்தால், வெங்காயம் வெட்டுகிறவரின் நிழல் பலகையில்தான் விழும். இன்னும் பெரிய லைற் பூட்டினாலும் நிழல் போகாது. பான்ரிக் கப்போட்டுக்குக் கீழே ஸ்ட்ரிப் லைற் ஒட்டுவது இதற்காகத்தான். அதையும் சுவரோரமாக ஒட்டினால் ரைல்ஸ்தான் மினுங்கும். கப்போட்டின் முன்விளிம்பை ஒட்டிப் பூட்டுங்கள்.

மீற்றருக்கு 4.8 வாற்ஸ் இழுக்கும் ஸ்ட்ரிப் 2 மீற்றர் என்றால், 10 வாற்ஸுக்குள் அடங்கும். தினமும் 5 மணித்தியாலம் எரிந்தாலும் மாதம் ஒன்றரை யூனிட்தான். அதே நேரம் எரியும் 60 வாற்ஸ் குண்டு பல்ப் 9 யூனிட் தின்னும். ஏழரை யூனிட் என்ன பெரிய காசா என்று கேட்பவர்கள் கரண்ட் பில்லைத் திருப்பிப் பார்க்கவேண்டும். வீட்டுப் பாவனைக்கு மாதம் 60 யூனிட் ஓர் எல்லை. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 யூனிட்டும் வேறு விலைக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். 58இல் நிற்கும் வீட்டுக்கும் 65இல் நிற்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 7 யூனிட் அல்ல.

கரண்ட் பில்லே வராத காலமும் இருந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளானது. அப்போது பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு: போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், ஒரு சின்னத் திரி. கண்ணாடிச் சுவர் காற்றை மறைக்கும். ஒரு தலைமுறை இதில்தான் படித்துச் சோதனை எழுதியது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் அடங்கியிருக்கும் சக்தி ஏறக்குறைய 10 யூனிட். அவ்வளவு மின்சாரம் இருந்தால் மேலே சொன்ன ஸ்ட்ரிப் ஆயிரம் மணித்தியாலம் எரியும். விளக்கிலோ, அதில் பெரும்பகுதி வெக்கையாகவும் கரியாகவும் போனது.

எல்.இ.டி.யும் லேசில் வந்ததல்ல. சிவப்பு எல்.இ.டி. 1962லேயே வந்துவிட்டது. நீலம்தான் இழுத்தடித்தது, பளிச்சென்ற நீலம் கைக்கு வர 1990கள் ஆயின. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிக நோபல் பரிசு. குசினியில் எரியும் வெள்ளை லைற்றும் உள்ளே நீலம்தான், மேலே மஞ்சள் பூச்சு.

அதனால் மலிவான வெள்ளை லைற்றில் சிவப்பு குறைவு. நல்ல மீனின் செவுளும் பழசாய்த் தெரியும், கறியின் நிறமும் மங்கும். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு சி.ஆர்.ஐ. பெட்டியில் அது 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தில், நீலம் குறைந்த 3000 கெல்வின் நல்லது. மாரியில் ஈசல் தொல்லையும் கொஞ்சம் குறையும். பூச்சிகளுக்கு நீல வெளிச்சத்தில்தான் கூடுதல் மோகம்.

12 வோல்ற் ஸ்ட்ரிப்பை நினைத்த இடத்தில் வெட்டக்கூடாது. மூன்று எல்.இ.டி. சேர்ந்தது ஒரு தொகுதி. கத்தரிக்கோல் அடையாளம் இருக்கும் இடத்தில்தான் வெட்டலாம். மீற்றருக்கு 60 எல்.இ.டி. உள்ளதில் 5 சென்ரிமீற்றருக்கு ஓர் அடையாளம் வரும்.

ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஸ்ட்ரிப்பின் செம்பைப் பச்சை பிடிக்கவைக்கும். சிலிக்கோன் பூசிய ஸ்ட்ரிப்பே அங்கே சரி. அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம். இடியப்ப ஆவி எந்தப் பூச்சையும் சோதித்துவிடும். அலுமினியச் சட்டத்தில் ஒட்டினால் சூடு இறங்கி ஆயுள் கூடும். பெரும்பாலும் முதலில் போவது லைற் அல்ல, வீட்டுக் கரண்ட்டை 12 வோல்ற்றாக மாற்றித் தரும் டிரைவர். அதைக் கழற்ற முடியாத இடத்தில் ஒளித்துவைப்பது வீண் வேலை.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்கக் கரண்ட் போனது. 2022 மார்ச் கடைசியில் குரங்கே இல்லாமல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். இப்படிக் கரண்ட் போகும் நேரத்திலும் 12 வோல்ற் ஸ்ட்ரிப்பை எரிக்க இன்வேர்ட்டர் தேவையில்லை. யூ.பி.எஸ்ஸுக்குப் போடும் 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்றே 10 வாற்ஸ் ஸ்ட்ரிப்பைச் சுமார் 5 மணித்தியாலம் எரிக்கும். நடுவில் ஒரு பியூஸ் போடுங்கள். பற்றரிக்குச் சார்ஜ் ஏறும்போது ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிடுங்கள். அந்த நேரம் வோல்ற் 14ஐத் தொடும்.