தளர்வு சோம்பல் அல்ல

கிள்ளான் பள்ளத்தாக்கின் பூங்காக்களுக்கு அதிகாலையில் போகும் மாணவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வயதில் மூத்த சீனர்கள் சிலர் வரிசையாக நின்று, தண்ணீருக்குள் நடப்பதுபோல் கைகால்களை மெல்ல அசைத்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் தாய் சி. தாத்தா பாட்டிகளின் உடற்பயிற்சி என்று நினைத்து நாமும் கடந்துவிடுவோம்.

உண்மையில் அது ஒரு தற்காப்புக் கலை. 2020இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஹுவாங் ஷெங் ஷியான். 1910இல் சீனாவின் பூஜியான் மாநிலத்தில் பிறந்தவர். வெள்ளைக் கொக்குப் பாணியில் தேர்ந்த பிறகு, தைவானில் செங் மான் சிங்கிடம் தாய் சி பயின்றார். 1950களில் சிங்கப்பூருக்கு வந்த அவர், பின்னர் மலேசியாவிலும் கற்பித்தார். 1970இல் கூச்சிங்கில் லியாவ் குவாங் செங் என்ற மல்யுத்த வீரரை 26-0 என வென்றபோது அவருக்கு வயது 60.

இந்தக் கலையின் அடிப்படைச் சொல் 'சோங்'. தளர்தல் என்று பொருள். துவண்டு விழுவது தளர்தல் ஆகாது. தேவையான தசை மட்டும் வேலை செய்ய, மற்றவை வழிவிடுவதே தளர்தல்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கை முழுவதையும் இறுக்கிக்கொண்டு முழங்கையை வேகமாக மடக்குங்கள். பிறகு தளர்த்திவிட்டு மடக்குங்கள். இரண்டாவது முறை எளிதாக இருக்கும். கையை மடக்க மேற்கையின் முன்புறத் தசை சுருங்க வேண்டும். பின்புறத் தசை நெகிழ வேண்டும். இரண்டும் சேர்ந்து இறுகினால், காரின் பிரேக்கையும் எக்சிலேட்டரையும் ஒன்றாக மிதித்த கதைதான்.

சைக்கிள் பழகிய முதல் நாளில் நாம் எல்லாரும் ஹேண்டிலை இறுகப் பிடித்தவர்கள்தாம். பழகப் பழகப் பிடி தானாகவே தளர்ந்தது. எளிமை என்பது உழைப்பின் முடிவில் வருவது. ஹுவாங்கும் உடலைத் தளர்த்துவதற்கென்றே ஐந்து பயிற்சிகளை வகுத்து, அவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்.

எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். பேனாவைத் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிக்கிறோம். தோள்கள் காதுவரை ஏறிவிடுகின்றன. அரை மணி நேரத்தில் விரல் வலிக்கிறது. படிக்காத பாடத்தைத் தளர்வு எழுதித் தராது. ஆனால், படித்ததை எழுதவேண்டிய கை வீணாகக் களைக்காமல் இருக்கும்.

இன்று ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கால்களைத் தோள் அகலத்திற்கு வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி நில்லுங்கள். உடல் எடையை மெல்ல வலது காலுக்கு மாற்றுங்கள். இடது கால் பாரமின்றி இருக்கட்டும். பிறகு இடது பக்கம் மாற்றுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். தாடை, தோள், விரல் இவற்றில் எது காரணமின்றி இறுகியிருக்கிறது என்று கவனியுங்கள். கண்டுபிடித்த இடத்தை விட்டுவிடுங்கள். அடுத்த முறை பேனா பிடிக்கும்போதும் அதையே செய்யுங்கள்.