பள்ளியிலிருந்து கல்லூரிக்கு: ஹேவ்லாக் தீவு மாணாக்கர் செய்ய வேண்டிய ஆயத்தம்

அந்தமான் தலைநகரான போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஹேவ்லாக் தீவு அமைந்துள்ளது. 2018 டிசம்பர் இறுதியில் இத்தீவுக்குச் சுவராஜ் தீவு என்று பெயர் சூட்டப்பட்டது. போர்ட் பிளேயரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. மக்கள் பேச்சில் பழைய பெயர்கள் இன்னும் வழங்குவதால் இக்கட்டுரையிலும் அவையே ஆளப்படுகின்றன.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் 1950களில் இங்குக் குடியமர்த்தப்பட்டன. காட்டைத் திருத்தி நெல்லும் தென்னையும் பாக்கும் பயிரிட்ட அந்தத் தலைமுறைக்கு நிலமே சொத்து. இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். ஒரு குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட நிலம் மூன்றாம் தலைமுறையில் மேலும் கூறுபோட இயலாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆகவே, இத்தீவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஒரு மாணவனின் அடுத்த அடி அவன் குடும்பத்தின் பொருளாதாரத்தையே நிர்ணயிப்பதாகிறது.

தீவுக்குள் கல்லூரி இல்லை. மேற்படிப்பு என்றாலே கடல் கடக்க வேண்டும். இதில் இடறுவோரில் அறிவுத்திறன் குறைந்தோரைக் காட்டிலும் காலத்தே ஆயத்தம் செய்யாதோரே மிகுதி எனலாம். மதிப்பெண் இருந்தும் ஒரு சான்றிதழ் இல்லாமையால், ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாள் தெரியாமையால், முதற் பருவத்தில் பாடம் புரியாமையால் வீடு திரும்பும் இளைஞர்களைப் பற்றியே இங்குக் கருத வேண்டியுள்ளது.

புகுமுக வகுப்பு விட்டுச்சென்ற இடைவெளி

தமிழ்நாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் சேர்ந்தவர்கள் புகுமுக வகுப்பை மறந்திருக்க மாட்டார்கள். பதினொரு ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின் கல்லூரி வளாகத்திலேயே ஓராண்டு பயின்று, அதன் பின்னரே பட்ட வகுப்பில் சேரவேண்டும். அந்த ஓராண்டில் ஆங்கில வழி விரிவுரை பழகும். குறிப்பெடுக்கும் வழக்கம் படியும். நூலகத்தின் வாசல் தெரியும். கிராமப்புற மாணவன் தட்டுத்தடுமாறி நிமிர அது இடம் தந்தது. 1964-66 கோத்தாரிக் குழு பரிந்துரைத்த 10+2+3 முறையை ஒட்டித் தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது புகுமுக வகுப்பு மறைந்தது. அந்தக் கல்வியாண்டின் பாடங்கள் பள்ளிக்கு வந்தன. ஆனால் அது தந்த பழக்கங்கள் வரவில்லை. நாடெங்கிலும் இன்று பள்ளி மாணவன் ஒரே தாவலில் பட்ட வகுப்பில் இறங்குகிறான். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வெளியிட்ட 'தீக்ஷாரம்பம்' என்னும் அறிமுகப் பயிற்சித் திட்டம் இக்குறையை உணர்ந்து எழுந்ததே. எனினும், ஓராண்டு செய்த வேலையைச் சில நாட்களில் செய்துவிட இயலாது.

ஹேவ்லாக் மாணவருக்கு இத்தாவல் இன்னும் நெடியது. வீட்டில் வங்காளம், கடைவீதியில் இந்தி, கல்லூரியில் ஆங்கிலம் என்பதே பலருடைய நிலை. போர்ட் பிளேயரிலும் ரங்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இச்சிக்கல் புதிதன்று. பதினொன்றாம் வகுப்பிலேயே நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலப் பாடநூலைத் தாமே படித்து, அதன் கருத்தைத் தம் சொற்களில் ஐந்து வரிகளில் எழுதிப் பழகுவது இதற்கு எளிய மருந்து. மனப்பாடம் செய்து ஒப்பித்தல் பள்ளித் தேர்வுவரை துணை வரும். கல்லூரியில் ஒரு மணி நேர விரிவுரையைக் கேட்டு அதிலிருந்து தேவையானதைப் பிரித்தெடுக்கும் திறனே வேண்டப்படும். பொருளியல் பயில விரும்பும் மாணவர் வரைபடத்தையும் அட்டவணையையும் பார்த்துப் பொருள் சொல்லப் பழகுதல் நன்று; இப்பாடத்தில் முதலாண்டு தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பாடத் தேர்வு

கல்லூரிக்கான முதல் முடிவு, பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், பெரும்பாலும் நண்பர்களைப் பார்த்து எடுக்கப்படுகிறது. பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிடும் மாணவர், பொறியியல் மட்டுமே தமக்கு இனி இல்லை என்று எண்ணுகிறார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புப் பட்ட வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது அவருக்கு இரண்டாண்டு கழித்தே தெரியவருகிறது. மைய அரசின் பல்கலைக்கழகங்களுக்கு 2022இல் பொது நுழைவுத் தேர்வு வந்த பின், பள்ளியில் படித்த பாடத்துக்கும் நுழைவுத் தேர்வில் எழுதும் பாடத்துக்கும் உள்ள பொருத்தம் மேலும் முக்கியமாயிற்று. எந்தப் பட்டம் வேண்டும் என்று முடிவு செய்ய இயலாத வயதில், எந்தக் கதவுகளை அடைக்காமல் வைப்பது என்றாவது முடிவு செய்யலாம்.

செல்லுமிடங்களைப் பொறுத்தவரை, அண்மையில் இருப்பது போர்ட் பிளேயர். 1967இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரி கலை, அறிவியல், வணிகவியல் பாடங்களுக்கு நெடுங்காலமாகத் தீவுகளின் முதன்மைக் கல்லூரியாக விளங்கி வந்துள்ளது. பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த அது, 1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் அதன் இணைப்புக்கு மாறியது. வடக்கே மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி உள்ளது. தொழில்நுட்பப் படிப்புக்கு டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனமும், ஆசிரியப் பயிற்சிக்குத் தாகூர் அரசுக் கல்வியியல் கல்லூரியும் போர்ட் பிளேயரில் இயங்குகின்றன. 2015 முதல் அங்கேயே மருத்துவக் கல்லூரியும் உண்டு. அதற்கு முன் மருத்துவம் பயில விரும்பிய தீவு மாணவர் யாவரும் பெருநிலத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. இவற்றை விடுத்துச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ செல்வோர் 1,200 கிலோமீட்டருக்குக் குறையாத கடலைக் கடக்கின்றனர். கப்பலில் அது ஏறத்தாழ மூன்று நாள் பயணம்.

கடலும் நாட்காட்டியும்

பெருநிலத்து மாணவருக்கு வாராத ஒரு தொல்லை இங்கு உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் மே மாத நடுவில் வெளியாகியுள்ளன. கல்லூரிச் சேர்க்கையும் கலந்தாய்வும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் நடைபெறும். அந்தமானில் தென்மேற்குப் பருவமழை மேயில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீடிக்கிறது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகுகள் நிறுத்தப்படுகின்றன. ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து போர்ட் பிளேயருக்கு அரசுப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம். தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். ஆனால் படகு ஓடாத நாளில் இந்தக் கணக்கு எதற்கும் உதவாது. சென்னையில் ஒரு மாணவன் வீட்டில் மறந்துவிட்ட சான்றிதழை மாலைக்குள் எடுத்து வருவான். ஹேவ்லாக் மாணவிக்கு அதே மறதி இரண்டு மூன்று நாட்களை விழுங்கும். கலந்தாய்வு அதுவரை காத்திராது.

எனவே, சான்றிதழ்களைத் தேர்வு முடிவுக்குப் பின் திரட்டுவது என்னும் பெருநிலத்து வழக்கம் இத்தீவுக்குப் பொருந்தாது. கடல் அமைதியாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலேயே வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, தீவுவாசி என்பதற்கான சான்று, பிற்பட்ட வகுப்பினராயின் அதற்குரிய சான்று ஆகியவற்றுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். வருமானச் சான்றுக்குக் காலவரம்பு உண்டாகையால் அதை மட்டும் நாள் பார்த்துப் பெற வேண்டும். பள்ளி தரும் மாற்றுச் சான்றிதழும் வாரியம் தரும் இடப்பெயர்வுச் சான்றிதழும் வெவ்வேறு என்பதைப் பலர் அறிவதில்லை. வேறு பல்கலைக்கழக எல்லைக்குள் செல்வோரிடம் இரண்டும் கேட்கப்படலாம். வாரியத்தின் மதிப்பெண் பட்டியலையும் இடப்பெயர்வுச் சான்றிதழையும் இப்போது டிஜிலாக்கர் வழியாகப் பெறலாம்.

பெயர் எழுத்துகளில் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றிப் பெருந்தொல்லை தருவதாகும். பிறப்புச் சான்றில் 'மண்டல்', பத்தாம் வகுப்புச் சான்றில் 'மோண்டல்', ஆதார் அட்டையில் தந்தை பெயர் வேறு வரிசையில் என்றிருப்பின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் அங்கேயே நிற்கும். போதாக்குறைக்குத் தீவின் பெயரே மாறியிருக்கிறது. பழைய ஆவணம் ஹேவ்லாக் என்றும் புதியது சுவராஜ் தீவு என்றும் இருப்பதில் பிழையில்லை. ஆனால் பெருநிலத்துக் கல்லூரியின் எழுத்தர் இதை அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பெயர் மாற்றத்துக்கான அரசு அறிவிக்கையின் படி ஒன்றை உடன் எடுத்துச் செல்வது நலம்.

மற்றொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அந்தமான் நிக்கோபார் ஆட்சிப் பகுதிக்குப் பழங்குடியினர் பட்டியல் உண்டு. அட்டவணை வகுப்பினர் பட்டியல் இல்லை. மேற்கு வங்காளத்திலோ தமிழ்நாட்டிலோ அப்பட்டியலில் உள்ள வகுப்பைச் சேர்ந்த குடும்பம் தீவில் குடியேறியதும் அவ்வுரிமையும் கூடவே வரும் என்று கருதி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுக் கலந்தாய்வு மேசையில் திகைப்பதைக் காட்டிலும், எந்த ஒதுக்கீட்டுக்குத் தமக்குத் தகுதி உண்டு என்பதை ஓராண்டு முன்னரே கேட்டறிவது பயன்தரும்.

பருவச் சம்பளத்தின் கவர்ச்சி

ராதாநகர்க் கடற்கரையை 2004இல் 'டைம்' இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று குறிப்பிட்ட பின் ஹேவ்லாக்கின் பெயர் உலகறிந்தது. விடுதிகளும் ஆழ்கடல் நீச்சல் பயிற்சி நிலையங்களும் பெருகின. பள்ளி முடித்த இளைஞனுக்கு ஊரிலேயே வேலை கிடைக்கிறது. கல்லூரிக்குப் போவது வீண் என்று அவன் எண்ணினால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரு பொருளைப் பெறும்போது கைவிடும் மற்றொன்றின் மதிப்பே அதன் உண்மை விலை என்று பொருளியல் கூறும். மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பின் விலை கட்டணமும் விடுதிச் செலவும் மட்டுமன்று; அந்த மூன்றாண்டில் ஈட்டியிருக்கக் கூடிய கூலியும் அதில் அடங்கும். ஹேவ்லாக்கில் அந்தக் கூலி பெரிது.

ஆயினும் கணக்கை முழுமையாகப் போட வேண்டும். சுற்றுலாப் பருவம் அக்டோபர் முதல் மே வரை. மழை மாதங்களில் வேலை சுருங்கும். 2020இல் கொள்ளை நோய் காரணமாகப் பயணம் நின்றபோது அந்த வருமானம் முழுவதும் நின்றது. மேலும், விடுதியில் மேலாளராகவும் கணக்கராகவும் உயர்வோர் பெரும்பாலும் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள். பதினெட்டு வயதில் பெறும் சம்பளத்தோடு முப்பத்தைந்து வயதில் பெறப்போகும் சம்பளத்தையும் வைத்துப் பார்த்தே மாணவன் முடிவு செய்தல் வேண்டும். இரண்டையும் இணைக்கவும் வழியுண்டு. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையம் போர்ட் பிளேயரில் உள்ளது. 2021இல் ஏற்பட்ட கல்வி மதிப்பலகு வங்கி முறையில், பெற்ற மதிப்பலகுகளைச் சேமித்து வைத்து இடைவெளிக்குப் பின் படிப்பைத் தொடரவும் வாய்ப்பு உள்ளது.

பணம் போதாத குடும்பத்துக்கு மைய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஒரு துணை. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில் தேர்ச்சி பெற்றோருள் முதல் 20 விழுக்காட்டில் வருவோர், குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை இலட்சம் ரூபாய்க்கு மிகாதிருப்பின் இதற்கு விண்ணப்பிக்கலாம். பட்டப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்கப்படுகிறது. விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தின் வழியாகவே பெறப்படும். 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் இயங்கத் தொடங்கி, ஹேவ்லாக்கும் அதில் இணைக்கப்பட்டதால், ஒரு படிவம் அனுப்ப இரவு முழுதும் விழித்திருந்த நிலை மாறியிருக்கிறது.

முதல் பருவம்

விடுதி வாழ்வின் முதல் மூன்று மாதங்கள் கடினமானவை. வீட்டு நினைவு மேலிட, வார இறுதிதோறும் படகேறும் மாணவர் உண்டு. திங்களன்று படகு நின்றுபோனால் வருகைப் பதிவு குறையும். பல பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு வருகை இன்றித் தேர்வு எழுத இயலாது. பருவமழைக் காலத்தில் ஊர் செல்வதை மாதம் ஒருமுறை என்று வரையறுத்துக் கொள்ளுதல் பொருத்தமாகும். துணி துவைத்தல், வங்கிக் கணக்கைத் தானே கையாளுதல், மாதச் செலவை ஏட்டில் எழுதுதல் ஆகியவற்றைப் பள்ளிப் பருவத்திலேயே பழகிய பிள்ளைக்கு விடுதி அச்சம் பாதியாகக் குறையும். இதில் ஆண்பிள்ளைகளை விடப் பெண்பிள்ளைகளே முன்னிற்கின்றனர்; தாய்மார்கள் தம் மகன்களையும் இதில் சற்றுக் கண்டிப்பது நல்லது.

அதிகாரிகள் கருத வேண்டியதும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 2022இல் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'கல்லூரிக் கனவு' என்னும் வழிகாட்டு நிகழ்ச்சிகளை மாவட்டந்தோறும் நடத்தியது. ஏறத்தாழ ஆறாயிரம் மக்கள் வாழும் ஒரு தீவுக்கு அத்தகைய பெருவிழா தேவையில்லை. வருவாய்த் துறை அலுவலர் ஒருவரும், கல்லூரி ஆசிரியர் ஒருவரும், வங்கி அலுவலர் ஒருவரும் பிப்ரவரி மாதத்தில் இரண்டு நாட்கள் ஹேவ்லாக் மேல்நிலைப் பள்ளியில் அமர்ந்தால் போதும். சான்றிதழ் விண்ணப்பங்களை அங்கேயே பெற்று, பெயர்ப் பிழைகளை அங்கேயே குறித்துக்கொண்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவதற்குள் சான்றுகளைப் பள்ளிக்கே அனுப்பிவிடலாம். ஜூன் மாதத்தில் மழையில் ஜெட்டியில் காத்துக் கிடக்கும் பெற்றோரின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையும்.