கப்பலில் எந்த அறை? – கடல் மயக்கம் பற்றிச் சில குறிப்புகள்

சென்ற பொங்கல் விழா முடிந்து சங்கக் கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் அருகில் வந்தார். "சார், குடும்பத்தோடு அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். பிள்ளைகள் கப்பலில்தான் போகவேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். கூட என் மாமியாரும் வருகிறார். எந்த வகுப்பில் டிக்கெட் வாங்கலாம்?" என்று கேட்டார். "எந்த வகுப்பு என்பதைவிட எந்த இடம் என்பதுதான் சார் முக்கியம்" என்றேன். நின்ற இடத்தில் சொல்லி முடிக்க இயலவில்லை. கப்பலில் போக எண்ணும் மற்ற அன்பர்களுக்கும் பயன்படலாம் என்று இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 2018 ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் சென்றேன் (2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது). அங்கே என் தங்கை குடும்பம் இருக்கிறது. அம்மாவுக்கு அப்போது வயது 71. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். "எங்க அப்பா ரங்கூனுக்குக் கப்பல்லே போனவர். நானும் ஒரு தடவை போய்ப் பாத்துடணும்" என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பெற்ற தாய்க்குக் குறை வைக்கக் கூடாது என்று, அதிகக் கட்டணம் கொடுத்து, மேல்தளத்தில், கப்பலின் முன்பகுதியில், பெரிய ஜன்னல் உள்ள அறையாகப் பார்த்து வாங்கினேன். அதுதான் நான் செய்த தவறு.

கொல்கத்தாவிலிருந்து புறப்படும் கப்பல் முதலில் ஹூக்ளி நதியில்தான் செல்லும். கிடர்ப்பூர் துறையை விட்டு, சாகர் தீவைக் கடந்து கடலைத் தொடும்வரை 100 கிலோமீட்டருக்கும் மேல் ஆற்றுப் பயணமே. அதுவரை ஆட்டமே தெரியாது. அம்மா வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியை மிளகாய்ப்பொடியோடு சாப்பிட்டுவிட்டு, கரையோரத்துச் செங்கல் சூளைகளை எண்ணிக்கொண்டு வந்தார். கடலில் இறங்கியதும் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் எங்களைப் பிடித்துக்கொண்டன. அன்றிரவு முதல் மறுநாள் மாலைவரை அவர் வயிற்றில் ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்கவில்லை. விழுங்கிய சர்க்கரை மாத்திரையும் தங்கவில்லை. உதடு வறண்டு, குரல் தாழ்ந்து, "கப்பல் நின்னுடுச்சாப்பா?" என்று அடிக்கடி கேட்டார். கப்பல் மருத்துவர் வந்து ஊசி போட்டு, சலைன் ஏற்றச் செய்தார். போகும்போது, "இந்த வயதில் இப்படி நீர் வற்றுவது ஆபத்து. முதலில் இவரைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதிக்கு மாற்றுங்கள்" என்றார். பர்சர் மனம் வைத்து ஒரு காலி அறையைத் திறந்துவிட்டார். ஜன்னலும் இல்லாத சிறிய அறைதான். ஊசியும் சலைனும் உதவின, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய்ப் படுத்த சில மணி நேரத்தில் கஞ்சித் தண்ணீர் உள்ளே தங்கியதைக் கண்ணால் கண்டேன். அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மயக்கம் ஏன் வருகிறது?

நம் உட்செவியில், கேட்பதற்கான பகுதியை ஒட்டி, உடலின் அசைவை உணர்வதற்கென்றே மூன்று அரைவட்டக் குழல்களும், சுண்ணாம்புத் துகள்கள் கொண்ட இரு சிறு பைகளும் இருக்கின்றன. குழல்கள் தலை திரும்புவதை உணரும். பைகள் மேலே ஏறுவதையும் கீழே இறங்குவதையும் சாய்வதையும் உணரும். மூடிய அறைக்குள் இருக்கும்போது நம் கண், "சுவர் அசையவில்லை, நாற்காலி அசையவில்லை, எல்லாம் நிலையாக இருக்கிறது" என்கிறது. செவியோ, "ஏறுகிறோம், இறங்குகிறோம்" என்கிறது. இந்த முரண்பட்ட இரு செய்திகளால் மூளை குழம்புவதன் விளைவே குமட்டலும் வாந்தியும் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். 1882ல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், பிறவியிலேயே செவி கேளாதவர்களில் பலருக்குத் தலைசுற்றலே வருவதில்லை என்று எழுதினார். உட்செவி முற்றும் செயலிழந்தவர்களுக்குக் கடல் மயக்கம் வருவதில்லை என்பது பிற்கால ஆய்வுகளில் உறுதியாயிற்று. ஆக, கோளாறு வயிற்றில் இல்லை. அது தொடங்குவது செவியில்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா ஆட்டமும் குமட்டாது. குண்டும் குழியுமான சாலையில் பஸ் குலுக்குவது வேகமான அசைவு. அது இடுப்பை வலிக்கச் செய்யுமே தவிர அவ்வளவாகக் குமட்டாது. ஏறி இறங்க ஏறத்தாழ 5 விநாடி எடுத்துக்கொள்ளும் மெதுவான ஆட்டமே மிகவும் கெடுதல். கடலில் கப்பலின் அசைவு பல வேளைகளில் இந்த அளவை ஒட்டியே அமைந்துவிடுகிறது.

கப்பல் ஆடும் விதம்

கப்பலின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் நம் கடலோர மக்கள் சொல்வார்கள். அணியமும் அமரமும் மாறிமாறி ஏறி இறங்குவது ஒரு வகை ஆட்டம். இடமும் வலமுமாகச் சாய்வது இரண்டாவது. கப்பல் முழுவதும் ஒன்றாக மேலே எழும்பிக் கீழே அமிழ்வது மூன்றாவது.

பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனையில் இருப்பவர்கள்தான் உயரப் போய் வருகிறார்கள். நடுவில் ஒரு பிள்ளையை உட்கார்த்தினால் அது அசைவதே இல்லை. 150 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல், அணியம் 2 பாகை ஏறி 2 பாகை இறங்குவதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். நடுவிலிருந்து 70 மீட்டர் தள்ளி, முனையருகே இருக்கும் அறை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 5 மீட்டர் ஏறி இறங்குகிறது. அதாவது ஒன்றரை மாடி உயரம்! நடுவிலிருந்து 10 மீட்டரில் உள்ள அறையோ 70 சென்டிமீட்டர்தான் அசைகிறது. ஒரே கப்பல், ஒரே அலை, ஆனால் ஆட்டத்தில் ஏழு மடங்கு வித்தியாசம்.

உயரத்துக்கும் இதே கணக்குத்தான். கப்பல் பக்கவாட்டில் 5 பாகை இங்கும் அங்கும் சாய்ந்தால், சுழலும் அச்சுக்கு 15 மீட்டர் மேலே இருப்பவர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டரை மீட்டருக்கும் மேல் வீசப்படுகிறார். நீர்மட்டத்தருகே இருப்பவருக்கு அந்த வீச்சு மிகக் குறைவு. மூன்றாவது ஆட்டமாகிய எழும்பி அமிழ்வது மட்டும் எல்லோருக்கும் பொது. எனவே ஆட்டமே இல்லாத அறை என்று ஒன்று எந்தக் கப்பலிலும் கிடையாது. குறைந்த ஆட்டமுள்ள அறை உண்டு.

டார்வினும் பெஸ்ஸமரும்

பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றினார். அத்தனை ஆண்டுகளும் கடல் மயக்கம் அவரை விடவில்லை. அவர் ஊஞ்சல் படுக்கை கட்டிப் படுத்த அறை, 27 மீட்டர் நீளமே உள்ள அச்சிறு கப்பலின் அமரப் பகுதியில், மேல்தளத்தில் இருந்தது. முனையும் உயரமும் சேர்ந்த இடம். அவர் பட்ட பாட்டில் அந்த இடத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

எஃகு உற்பத்தியில் பெயர் பெற்ற ஹென்றி பெஸ்ஸமரும் இந்தத் தொல்லையால் அவதிப்பட்டவர். பணம் இருந்ததால் அவர் கப்பலையே மாற்றப் பார்த்தார். கப்பல் சாய்ந்தாலும் சாயாதபடி, அச்சில் தொங்கும் ஒரு பெரிய கூடத்தை நடுவில் வைத்துக் கப்பல் கட்டுவித்தார். ஒருவர் மட்டக்கோலைப் பார்த்தபடி நீரழுத்தக் கருவியால் கூடத்தை நேராக நிறுத்தவேண்டும் என்பது ஏற்பாடு. 1875ல் அந்தக் கப்பல் பிரான்சின் கலே துறைமுகத்தில் போய் மோதிக்கொண்டது, திட்டமும் கைவிடப்பட்டது. இன்றைய பெரிய பயணிகள் கப்பல்களில் நீருக்கடியில் இரு பக்கமும் துடுப்பு போன்ற தகடுகள் இருக்கின்றன. ஓடும்போது இவை பக்கவாட்டுச் சாய்வை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அணியமும் அமரமும் ஏறி இறங்குவதை இவற்றால் தடுக்க முடியாது.

ஆகவே, எந்த அறை?

1. கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். பெரும்பாலான கப்பல்களில் சரிநடுவைவிடச் சற்றே அமரத்தின் பக்கம் தள்ளிய இடம் இன்னும் நல்லது. இரு முனைகளையும் தவிர்க்கவும்.

2. கூடியவரை கீழ்த்தளம். முனையில் மேல்தளத்தை எடுப்பதைவிட, நடுவில் மேல்தளத்தை எடுப்பது மேல். உயரம், முனை இரண்டும் சேர்வதுதான் மிகவும் மோசம்.

3. பணம் கொடுப்பதற்கு முன் தளங்களின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அணியம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அறை எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டணம் உயர்ந்தது என்பதால் ஆட்டம் குறையாது. மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு செல்லும் உல்லாசக் கப்பல்களில்கூட, பால்கனியுள்ள விலையுயர்ந்த அறைகள் பெரும்பாலும் மேலேதான். ஜன்னலற்ற மலிவான அறை கீழே நடுவில் இருந்தால் அதுவே உத்தமம்.

4. அந்தமான் கப்பல்களின் பங்க் வகுப்பு பெரும்பாலும் கீழே அமைந்திருப்பது ஒரு நன்மை. ஆனால் நெருக்கடியும் புழுக்கமும் பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுக்கும் நாற்றமும் அந்த நன்மையைக் கெடுத்துவிடும். முதியோர் உடன் வந்தால் கீழ்த்தளத்து அறையே நல்லது. இயந்திர அறைக்கு மிக அருகில் வேண்டாம். டீசல் வாடையே குமட்டும்.

5. கீழே ஜன்னல் இல்லையே என்று வருந்தவேண்டாம். இரவில் கீழே படுங்கள். மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். பகலில் நடுப்பகுதித் திறந்த தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பாருங்கள். அப்போது கண்ணும் செவியும் ஒரே செய்தியைச் சொல்லும். அறைக்குள் உட்கார்ந்து புத்தகம் படிப்பதும் கைபேசியைப் பார்ப்பதும் கூடாது.

மருந்தும் பருவமும்

புரோமெத்தசின், சின்னரிசின், மெக்லிசின் போன்ற மாத்திரைகள் பயன் தரும். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே சாப்பிடவேண்டும்; வாந்தி தொடங்கிய பின் வயிற்றில் தங்காது. சென்னையில் ஏறுபவர்கள் துறைமுகம் தாண்டியதும் கடல் என்பதால் ஏறுமுன்னரே சாப்பிடவேண்டும். நாம் கொல்கத்தாவில் ஏறுகிறவர்கள், கப்பல் எப்போது நதியை விட்டு வெளியேறும் என்று பணியாளரிடம் கேட்டு அதற்கேற்பச் சாப்பிடலாம். இம்மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், குழந்தைகளுக்குக் கொடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இஞ்சி சிலருக்கு உதவுகிறது; கெடுதல் இல்லை. வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். 2 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் மயக்கம் அதிகம் வரும். முதியோருக்கு வருவது குறைவு. ஆனால் வந்தால் நீர் வற்றுவது அவர்களுக்கே ஆபத்து. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் உணவு தங்காமல் வாந்தி எடுத்தால் தாமதிக்காமல் கப்பல் மருத்துவரை அழையுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்கக் கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். பயணத்தை அப்போது வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அம்மா தங்கை வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு, 2019 பிப்ரவரியில் திரும்பினார். விமானத்தில் வரலாம் என்று எவ்வளவோ சொன்னேன். "நடுவுலே, கீழே ஒரு ரூம் பாருப்பா, போதும்" என்று சொல்லிவிட்டார். அப்படியே பார்த்து வாங்கினேன். கடல் அமைதியாக இருந்தது உண்மைதான். ஆனாலும் இரண்டாம் நாள் காலை தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடிவானத்தைப் பார்த்தபடி, "எங்க அப்பா பாத்த கடல்" என்று சொல்லிக்கொண்டே அவர் காபி குடித்ததைப் பார்த்தபோது, முதல் தடவையே அந்த வரைபடத்தை ஐந்து நிமிடம் பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. நண்பர் தம் மாமியாருக்காக அதைப் பார்ப்பார் என்று நம்புகிறேன்.